தப்பாகவே பேசுவேன்

முதலில் என்னை விட்டுப் போனது 'காபி' என்கிற வார்த்தை.

இரும்புலியூர் வீட்டில், காலை நேரம், பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். கிளம்பும் அவசரத்தில் சமையலறைக்கும் பீரோவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "சாவி குடு" என்றேன். ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து டீப்பாயின் மேல் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சாவி கேட்டா சாவியக் கொண்டாந்து வெக்கிறியே, உனக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினேன். அவள் திரும்பி வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"உங்க வாய் ஏன் ஒரு பக்கமா போகுது?"

நான் காபி என்றுதான் சொன்னேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் என் காதில் காபி என்றுதான் விழுகிறது.

அதற்குப் பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கம்போல் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. என் வலது கை, யாரோ என் மடியில் வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியிடம் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க, கை கால் தேறிடும். பேச்சுதான் சொல்ல முடியாது. வார்த்தைங்க எல்லாம் உள்ளதான் இருக்கு. எடுத்துக் குடுக்கற இடத்துல அடி."

நான் வார்த்தையால் பிழைத்தவன். கிண்டியில் ஒரு கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் வேலை பார்த்தேன். விலை பேசுவது என் தொழில், மற்றதெல்லாம் பேசுவது என் பொழுதுபோக்கு. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் ரயிலில் யாரோடாவது ஒரு விவாதம் நடந்துகொண்டேயிருக்கும். கடவுள், கிரிக்கெட், குடிநீர் வாரியம் எதுவானாலும் சரி. சாயங்காலம் திரும்பி வந்தால் எனக்காக ஒருவர் தயாராக இருப்பார். மேற்குத் தாம்பரத்தில் ஃபேன், டியூப்லைட், சுவிட்ச் விற்கும் கடை வைத்திருந்த என் நண்பர். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். நான் சபைக்குப் போகிற கிறிஸ்தவன், அவர் கடவுள் இல்லை என்று கடைக்குள்ளேயே எழுதி மாட்டியிருந்தவர். ஏரிக்கரைப் பக்கம் நடந்தபடி இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறோம். நான் அவரைத் தலைவரே என்பேன். அவர் என்னை சார் என்பார். சார் என்று சொல்லிக்கொண்டே ஒருமையில் பேசுவார்.

அவரிடம் ஒரு குணம். எதைப் பற்றியும் ஆரூடம் சொல்வார். எல்லாம் தப்பாகப் போகும். எந்தத் தேர்தலிலும் அவர் சொன்ன கட்சி ஜெயித்ததில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம், "நம்ம தெருவுக்குத் தண்ணி வராது, நான் கேரண்டி" என்று வீடு வீடாகச் சொன்னார். விடிந்தால் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லார் வீட்டு மெத்தைகளையும் மேலே தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "கணக்கு தப்பாப் பூடுச்சு சார். ஆனா அடுத்த வருஷம் நிச்சயமா வராது, பாரு" என்றார். அடுத்த வருஷமும் வந்தது. அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு தெளிந்த பிறகு எங்கள் சபைப் போதகரும் பாடகர் குழுவில் சிலரும் ஜெபிக்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, நான் சின்ன வயசிலிருந்து பாடிவரும் ஒரு பாட்டைப் பாடினார்கள். என் வாய் தானாகத் திறந்தது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் பாடினேன். என் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அற்புதம்" என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். பாடின களைப்பில் தொண்டை வறண்டிருந்தது. என் மனைவியைப் பார்த்து, "கொஞ்சம் தங்கச்சி குடு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாட்டும் மனப்பாட ஜெபமும் எண்களும் தங்கிவிடும், சொந்தமாகச் சொல்ல வருவதுதான் சிக்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பிறகு விளக்கினாள். இருபத்தைந்து வயசு இருக்கும். படங்களைக் காட்டி என்னவென்று கேட்பாள். அது குடை என்று எனக்குத் தெரியும். மழையில் பிடிப்பது என்று தெரியும், வீட்டில் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியும். வாய் "கடை" என்றது. "பக்கத்துல வந்துட்டீங்க சார்" என்றாள். நாள் முழுக்க நான் எல்லாவற்றுக்கும் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஆப்பிள் பையோடு ஒரு தத்துவத்தையும் கொண்டுவந்தார்கள். போதகர் சொன்னார்: "நிறைய பேசிட்டீங்க. இனிமே கேட்கிறதுக்காக ஆண்டவர் உங்களை அமைதிப்படுத்தியிருக்கார்னு எடுத்துக்கலாமே." ஊரப்பாக்கத்திலிருந்து வந்த மைத்துனர், உடம்பு ஒரு மெஷின், எண்ணெய்ப் பலகாரத்தைப் பற்றித் தான் அப்போதே எச்சரித்ததாகச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா, தலையெழுத்து என்று சொல்லி என் நெற்றியையே பார்த்தார். ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "ஏத்துக்கணும் சார். மனுஷன்னா இவ்வளவுதான்" என்றார்.

எல்லோருக்கும் பதில் என்னிடம் இருந்தது. அடி வாங்குவதற்கு முன்னால் என்றால் ஒவ்வொருவரையும் வாசல் வரைக்கும் துரத்தித் துரத்தி வாதாடியிருப்பேன். அமைதிப்படுத்த நினைக்கிற கடவுள் எதற்கு ரத்தக்குழாயில் கை வைக்க வேண்டும், தலையெழுத்து என்றால் எழுதினவனுக்குப் பிழை திருத்தத் தெரியாதா, இவ்வளவுதான் என்று அளந்தது யார், எந்த முழக்கோலால்? எல்லாம் உள்ளே வரிசையாக நின்றன. வாயைத் திறந்தால், "இல்ல... அந்த... இது..." என்று மட்டும் வந்தது. உடனே நாலு பேர் நாலு வார்த்தையை என் வாயில் போட்டார்கள். "தண்ணியா? பாத்ரூமா? ஃபேன் போடணுமா? படுக்கணுமா?" நான் தலையாட்டிப் படுத்துக்கொள்வேன். அதுதான் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

என் நண்பர் ஒரு மத்தியானம் வந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், எப்டி கீற?"

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். 'வெயிலாக இருக்கிறது, ஏன் இந்த நேரத்தில் வந்தீர்கள்' என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. "வெ..." என்று நின்றது. "வெல்லம்" என்றேன். தலையை ஆட்டி மறுத்தேன். "வெள்ளி." அதுவும் இல்லை. மின்விசிறி சுற்றியது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சிரமப்படறார். என்னன்னு எடுத்துக் குடுங்களேன்."

"அவர் வாய்க்குள்ள கைய வுட நான் யாரு டீச்சர்? கடைய சாத்திட்டுத்தான் வந்தேன். மெதுவா வரட்டும்."

வெகுநேரம் கழித்து "வெயில்" என்று வந்தது. வருவதற்குள் எனக்கு வியர்த்துப் போயிருந்தது.

"ஆமா சார், கொளுத்துது" என்றார் அவர், நான் அப்போதுதான் சொன்ன மாதிரி.

கை கால் தேறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு காலை, மனைவிக்கு மாதுளம்பழம் வாங்கலாம் என்று தாம்பரம் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனேன். அவளுக்கு அது பிடிக்கும். வழி முழுக்க மாதுளை, மாதுளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பழக்கூடைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

"மாமியார் அரை கிலோ."

பழக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் திருத்தப் பார்த்தேன். பதற்றத்தில் "மாமியார், மாமியார்" என்று அதுவே திரும்பத் திரும்ப வந்தது. காலும் லேசாகத் தள்ளாடியது.

"இன்னா சார், காலங்காத்தாலயே போட்டுகினு வந்துட்டியா? வூட்டுக்குப் போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாட்டு ஜெபத்தை மட்டும் சத்தமாகச் சொல்வேன். அது ஒழுங்காக வரும். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வந்து என் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். படத்தை அழுத்தினால் ஒரு பெண் குரல், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அழகாகச் சொல்லும். "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று சொல்லும். தப்பே செய்யாத குரல். மகள் பாசத்தோடுதான் செய்தாள். வீட்டில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். எனக்கும் அது நிம்மதிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், கொஞ்ச நாள் நானும் நினைத்தேன்.

என் நண்பர் வந்தபோது போனை நீட்டினேன். அவர் ஒவ்வொரு படமாக அழுத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பேசுது இந்தப் பொண்ணு. ஆனா கடவுள் இருக்காரான்னு இதுகிட்ட நான் எப்டி சண்ட போடறது? கெளம்பு, நடக்கலாம்."

ஏரிக்கரைப் பக்கம் போனோம். அவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். "உன் சாமி பண்ண வேலையப் பாத்தியா? மனுஷன் பேச்ச புடுங்கிகினு தன்னப் பத்தின பாட்ட மட்டும் வுட்டு வெச்சிருக்கார். நல்ல சுயநலம் சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு கெட்ட வார்த்தை வந்தது, பளிங்கு மாதிரி, ஒரு திக்கல் இல்லாமல். நான் அதைக் காலேஜ் விட்டதிலிருந்து சொன்னதில்லை. அவர் சிரித்த சிரிப்பில் நிறுத்தியிருந்த ஒரு பைக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். அடி விழுந்த பிறகு முதல் தடவை வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "கவனிச்சியா? பாட்டு சரியா வருது, திட்டு சரியா வருது. ரெண்டும் எவனோ பண்ணி வெச்சது. நீ வெறுமன எடுத்துப் போடற. தப்பா வருது பாரு, அதான் சார் நீயா பண்றது. அத போயி மூடி வெச்சிகினு கீறியே."

நான் அவரிடம் தோற்ற விவாதங்கள் அதிகமில்லை. இது ஒன்று.

அடுத்த வாரம் அவர் என்னை அதே மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார். பழக்காரம்மாவுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு, "நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். நான் போனேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் குடிக்கல" என்றேன். அது வந்துவிட்டது. 'மூளையில் அடி' என்று அடுத்துச் சொல்ல வேண்டும். "மூலையில இடி" என்று வந்தது. தலையைத் தொட்டுக் காட்டி மறுபடியும் உரக்கச் சொன்னேன். "இங்க. மூலையில இடி!"

"சரி, கத்தாத சார். காது கேக்குது. இன்னா வேணும்?"

"மா...துளை."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று எடை போட்டாள்.

பரிதாபப்படவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அழுகின பழம் ஒன்றையும் பைக்குள் தள்ளப் பார்த்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். என்னை எல்லாரையும் போல ஏமாற்றப் பார்த்த அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டில் போனை மேஜை இழுப்பறையில் போட்டேன். தப்பாகவே பேசுவேன் என்று முடிவு செய்தேன். மனைவியிடம் அதைச் சொன்னபோதுகூட "உப்பாகவே பேசுவேன்" என்றுதான் வந்தது. அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது, தெரியும். ஒரு வாக்கியத்துக்காக அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் சர்வர் அவளைப் பார்த்து "சார் என்ன சாப்பிடறார்?" என்று கேட்டால் நான் மேஜையைத் தட்டுவேன். "என்னக் கேளு." தீ வேண்டும் என்று டீக்கடையில் கேட்டேன். ஊரப்பாக்கத்து மைத்துனரை அவர் வீட்டிலேயே "மைசூர்பாக்" என்று கூப்பிட்டேன். தப்பு செய்யாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு, சும்மா இருப்பது. சும்மா இருப்பதற்குத்தான் பிறகு நிறைய நேரம் இருக்கிறதே.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார், இன்னொரு அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. அதை என் நண்பரிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்கிறவர் இல்லை. "தெரியும் சார். நீதான் மொதல்ல போவ. உன் இரங்கல்ல நான் இன்னா பேசணும்னு இப்பவே யோசிச்சு வெச்சிகினு கீறேன்" என்றார். "உன் சாமிய ஒரு வார்த்த திட்டாம எறங்க மாட்டேன்."

அதுவும் தப்பாகப் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையில் யாருக்கோ சுவிட்ச் எடுத்துக் கொடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வாங்க வந்தவர், ஏதோ விலையை யோசிக்கிறார் என்று நின்றிருக்கிறார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வரிசையில் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அவர் இடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

சடங்கு எதுவும் வேண்டாம் என்று அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் மகன் வீட்டுக்கு வந்து சொன்னான். "அங்கிள், நீங்க வந்து முன்வரிசைல உட்கார்ந்தா போதும். சிரமப்பட வேணாம்."

"பே... பேசணும்" என்றேன்.

அவன் போன பிறகு என் மனைவி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "பேசியே ஆகணும்னா ஒரு பாட்டு பாடிடுங்களேன். அது தெளிவா வரும்."

"அவரு... கூட்டத்துல... பாட்டா?"

"சரி, பாட்டு வேணாம். நாலு பேர் முன்னால உங்களப் பார்த்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது. அதான்."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கு ரோஷமே இல்லையா?"

"அதுதான்... இருக்கு" என்றேன். அது தவிர வேறென்ன மிச்சமிருந்தது எனக்கு?

கூட்டத்தில் கறுப்புச் சட்டைக்காரர்கள் நிறைய இருந்தார்கள். நன்றாகப் பேசினார்கள். கடவுள் இல்லாதவர்களுக்கும் ஒரு மனப்பாடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பிறப்பும் இறப்பும் இயற்கை, பகுத்தறிவாளன் அதை ஏற்றுக்கொள்வான் என்றார் ஒருவர். அடுத்தவர் மைக்கைப் பிடித்து, படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "மனுஷன்னா இவ்வளவுதாங்க" என்றார்.

நான் எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"இவர் என்... நண்டு" என்றேன்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. "நண்டு இல்ல. நண்... பன்."

மூச்சு வாங்கிக்கொண்டேன். அடுத்தது தானாகவே வந்தது.

"இவர் சொன்னதெல்லாம் தப்பு."

அவர் மகன் பதறிப்போய் என்னைப் பார்த்தான்.

"மழை தப்பு. ஓட்டு தப்பு. நான்தான் மொதல்ல போவேன்னு சொன்னார். தப்பு. தப்புன்னு தெரியும். ஆனா மறுநாளும்... சொல்வார். வாழைய மூடல." யாரோ சிரித்தார்கள். "வாய. வாய மூடல."

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் என் வாய்க்குள் வார்த்தைகளைத் திணித்த காலத்தில் இந்த மனுஷன் எனக்காகக் காத்திருந்தார் என்று.

"எனக்காக இவர்... காத்தாடி..."

ஃபேன் கடைக்காரர் ஆயிற்றே, அதைத்தான் சொல்கிறேன் என்று சிலர் தலையாட்டினார்கள். நான் மறுத்துக் கையசைத்தேன். "காத்தாடி இல்ல. காத்து... காது..." முகத்தில் வியர்வை வழிந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் உதவிக்கு வந்தார். "காப்பாத்தினார்னு சொல்றீங்களா சார்? காசு குடுத்தாரா?"

என் நண்பரின் மனைவி, அதுவரைக்கும் தலையைக் குனிந்தபடி இருந்த அந்த அம்மா, நிமிர்ந்து கையைத் தூக்கினார். "அவரே சொல்லட்டும்ங்க. விடுங்க."

விட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"காத்... திருந்தார்" என்றேன்.

பிறகு வேகமாக வந்தது, சரியும் தப்புமாக. "இவ்வளவுதான்னு சொல்லாதீங்க. இவர் முன்னால சொல்லாதீங்க. நான் ஏத்தி... இறக்கி... ஏத்துக்க மாட்டேன். சாவு வரும். தெரியும். எனக்கும் வரும். வரட்டும். அது வரதுக்கு முன்னாலயே எதுக்கு நாம தலையாட்டணும்?"

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டவில்லை யாரும். இரங்கல் கூட்டத்தில் தட்டக்கூடாது என்பதனாலா, புரியாததனாலா என்று தெரியவில்லை.

நானும் என் மனைவியும் ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். தெருமுனையில் இறங்கிய பிறகு சொன்னாள். "காத்தாடின்னதும் எழுந்து ஓடிடலாம்னு இருந்தது."

"ஏன் ஓடல?"

"எங்க ஓடறது? நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்ல." சற்று நடந்தபின், "நண்டு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் வீட்டைத் தாண்டும்போது சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அப்போதுதான் வந்தது.

அவர் போன பிறகு எனக்குச் சண்டை போட ஆள் இல்லை. என் இரங்கலில் திட்டுவதாகச் சொல்லி, அவர் திட்டாமல் விட்டுப்போன ஒருவர் பாக்கி இருந்தார். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் யாராவது ஒருவர் எழுந்து சொந்த வார்த்தையில் ஜெபிப்பது வழக்கம். அடி விழுவதற்கு முன்னால் என்னை அடிக்கடி கூப்பிடுவார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். போதகரிடம் போய் நான் ஜெபிக்க வேண்டும் என்றேன்.

"மனசுக்குள்ளயே ஜெபிங்களேன்" என்றார் அன்பாக. "நீங்க சொல்லாமலே ஆண்டவர் அறிவார்."

"அறிவார். ஆனா... நான் சொல்லணும்."

யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நல்ல மனுஷர். நான் வழக்கமான ஸ்தோத்திரத்தில் ஆரம்பிப்பேன், அது மனப்பாடமாக வந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். மனப்பாடத்தின் பக்கமே போகவில்லை.

"ஆட்டோவே" என்று ஆரம்பித்தேன்.

சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஆண்டவரே. என் நண்பன எடுத்துட்டீங்க. எனக்குக் கோவம். அவர் உங்கள நம்பல. நம்பலன்னு... சத்தமா சொன்னார். ஆனா எனக்காகக் காத்திருந்தார்." அந்த வார்த்தை இந்தத் தடவை உடனே வந்தது. "உங்க ஆளுங்க காத்திருக்கல. அவர் காத்திருந்தார். அவர வெளிய நிறுத்தாதீங்க. நிறுத்தினா... நானும் வெளிய நிக்கிறேன்."

உட்கார்ந்தேன். ஆமென் உடனே வரவில்லை. முதலில் என் மனைவியின் குரல், பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில குரல்கள். சிலர் சொல்லவேயில்லை. கடவுள் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னேன், அது தெரியும்.

போதகர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வேறொருவரைக் கூப்பிட்டார். அவர் தெளிவாக, அழகாக, ஒரு பிழையில்லாமல் முடித்தார். அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன்.